சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நம் ஆலோசனை மையத்து விழாவில் பொன்னாடை போர்த்திவிட்டு, "புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்று மைக்கை நீட்டினீர்கள். அன்றைக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நான் பேச ஆரம்பித்தால் ரெண்டு வார்த்தையில் நிற்காது என்பது உங்கள் பொறுப்பாளருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயம் அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன். பிடித்தால் இன்றைக்குப் படியுங்கள், பிடிக்காவிட்டால் நாளைக்குப் படியுங்கள். படிக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை. சங்கரன்கோவிலில் மனநல ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொண்டை போட்டு, கைப்பையில் வேதப் புத்தகத்தோடு பஸ் ஏறுகிற பெண்பிள்ளை யாராக இருந்தாலும் இந்த ஊருக்கு டீச்சர்தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். ஊர் திருந்தவில்லை, நான்தான் பழகிக்கொண்டேன்.

ஓசிடி என்று நாம் சொல்கிற எண்ணச் சுழல் நோயோடு வருகிறவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர், தோல் உரியும் வரை கை கழுவுகிறவர், இவர்களையெல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அங்கே அழுத்திச் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. இவர்கள் நம்மிடம் வந்து கேட்பது உத்தரவாதம். "ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்பார்கள். ஈர மனசு உள்ள யாருக்கும் நாக்கு நுனியில் பதில் தயாராக இருக்கும். "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டால் அவர்கள் முகம் தெளியும், கும்பிடுவார்கள், வாசலில் செருப்பைப் போடுவதற்குள் திரும்பி வந்து மறுபடி அதையே கேட்பார்கள். அந்த நோய்க்கு உத்தரவாதம்தான் சாப்பாடு. போடப் போட அதற்குப் பசி கூடிக்கொண்டே போகும்.

ஆகவே போடாதீர்கள். போடாததற்காக உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குத் தொழில் பழக்கிய பாளையங்கோட்டைக்காரர் ஒருவர், அழுக்குக்குப் பயந்த ஒரு நோயாளியின் எதிரே தன் செருப்பின் அடியைத் தடவிவிட்டு, அதே கையால் பன்னைப் பிய்த்துத் தின்றார். பாதியை என்னிடம் நீட்டினார். எனக்குச் செருப்பின் அடிதான் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் தின்றேன். நாம் தின்னாத பன்னை நோயாளிக்கு நீட்டக் கூடாது என்பது அவருடைய கட்சி. அது எனக்குப் பிற்பாடு எங்கே வந்து நின்றது என்பதற்குத்தான் இனி சொல்லப்போகிற பாத்திரக்கடை வீட்டுக் கதை.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றியாக வேண்டும். கோமதி என்று வைத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவிலில் தெருவில் நின்று கோமதி என்று அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யாரென்று கண்டுபிடிக்க முடியாது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட சமயத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் கோமதி, பின்னால் அவள் கணவர் சங்கர். கைக்குழந்தைக்காரி என்று சொன்னார்கள், ஆனால் குழந்தை இரண்டு பேர் கையிலும் இல்லை. வராந்தாவின் கடைசி பெஞ்சில் சங்கரின் அக்கா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவகிரியில் வாக்கப்பட்டவர், பாப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகவே வந்து தம்பி வீட்டில் தங்கியிருக்கிறார். கோமதி தன் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"உள்ளி அரிஞ்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர். பாப்பா பக்கத்துல பாயில கெடந்துச்சு. திடீர்னு ஒரு நினைப்பு வந்துச்சு. இந்த அருவாமணைய எடுத்து..." என்று நிறுத்திவிட்டாள்.

"எடுத்து? சொல்லு."

"சொன்னா நடந்துரும்."

"அப்படியா? சரி, நான் ஒண்ணு சொல்லுதேன். இந்த ஃபேன் இப்ப என் தலையில விழப்போகுது. விழட்டும், பாப்போம்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அந்த ஃபேனை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அது எப்போது வேண்டுமானாலும் விழக்கூடியதுதான். அன்றைக்கு விழவில்லை. சங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோமதிக்கும் உதட்டோரம் லேசாக ஒன்று வந்து போனது. அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொன்னாள். பெற்ற பிள்ளையின் கழுத்தில் அரிவாள்மணையை வைப்பதுபோல் ஒரு நினைப்பு. முதல் தடவை வந்ததும் குலை நடுங்கி எழுந்து ஓடியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று காவல் இருக்க ஆரம்பித்தாள். காவல் இருக்க இருக்க அது இன்னும் அதிகமாக வந்தது. இளையரசனேந்தலில் அவள் தாய்வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சங்கரன்கோவிலில் அம்மன் சந்நிதி முன்னால் உட்காரவைத்தார்கள், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைப்பது இந்த ஊர் வழக்கம்தானே. உட்கார்ந்திருந்த நேரம் நிம்மதியாக இருந்தது என்றாள். வீட்டுக்கு வந்தால் அடுக்களை இருக்கிறது.

அதற்குள் சிவகிரி அக்கா கதவைத் திறந்து நின்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். இவட்ட பிள்ளைய விடலாமா, கூடாதா? கூடாதுன்னா நான் தூக்கிட்டுப் போயிருதேன். புட்டிப்பால் குடுத்து வளத்துக்கிடுவேன். இவ சரியானப்பறம் பாத்துக்கிடலாம்."

சரியானப்பறம் என்பது எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோமதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கெட்டவர் இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பாவின் மேல் ஒரு தூசி விழவும் சம்மதிக்காத மனுஷி. நமக்கு எதிரே வந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் இப்படி அன்பு முற்றிப்போனவர்களாகத்தான் இருப்பார்கள். பொல்லாதவர்கள் என்றால் சமாளிப்பது சுலபம்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு உண்மையிலேயே மனம் பிறழும். குரல் கேட்கும், பிள்ளைக்குள் பேய் இருக்கிறது என்று நம்புவார்கள், செய்துவிடலாம் என்று தோன்றும், அதில் அவர்களுக்குத் திகைப்பே இருக்காது. அங்கே ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது, பிள்ளையையும் தாயையும் காப்பாற்றுகிற வேலைதான் முதல் வேலை. கோமதியிடம் நான் துருவித் துருவிக் கேட்டது அதற்காகத்தான். குரல் இல்லை. பேய் என்ற நம்பிக்கை இல்லை. ஆசை துளியும் இல்லை. தன் கைகளைக் கண்டே நடுங்கினாள். திருநெல்வேலியில் நமக்கு வழக்கமாகப் பார்த்துத் தரும் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் நேரில் பார்த்து, மாத்திரை ஆரம்பித்துவிட்டுப் போன் செய்தார்.

"ஓசிடிதான், சந்தேகம் இல்லை. ஆனா பிள்ளைய அவகிட்டயே விட்டு சிகிச்சை பண்றதுல நீங்க உறுதியா இருக்கீங்களா?"

"உறுதியா இல்ல டாக்டர். தெளிவா இருக்கேன்."

"சரி, அப்படியே போங்க, வாராவாரம் என்கிட்ட அனுப்புங்க" என்றார். உறுதிக்கும் தெளிவுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் நம் வேலை நடக்கிறது. அங்கே நிற்கக் கால் கூசுகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம், தப்பில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரத வீதியை ஒட்டிப் பாத்திரக்கடை, மாடியில் வீடு. கல்லாவில் கோமதியின் மாமனார். மனைவியை இழந்தவர், கடையும் பேத்தியும்தான் அவருக்கு உலகம். நான் போன நேரம் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து கல்யாணச் சீர் எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. குடம் எடுத்தார்கள், அண்டா எடுத்தார்கள், இட்லிக் கொப்பரை எடுத்தார்கள். அரிவாள்மணை கேட்டார்கள்.

"ஸ்டாக் இல்ல" என்றார் மாமனார்.

"கத்தி?"

"அதுவும் இல்ல."

"என்ன அண்ணாச்சி, பாத்திரக்கடையில அருவாமணை இல்லன்னா எங்கன போயி வாங்க?"

அவர் கணக்கு மிஷினைத் தட்டுவதுபோல் குனிந்துகொண்டார். கடையில் இருந்த வெட்டும் சாமான் அத்தனையையும் குடோனுக்கு அனுப்பிப் பூட்டியிருந்தார்கள். வியாபாரம் போனாலும் பரவாயில்லை, மருமகள் கண்ணில் படக் கூடாது. மாடியில் அதைவிட வேடிக்கை. அடுக்களையில் கத்தி இல்லை, அரிவாள்மணை இல்லை, அம்மிக்குழவி இல்லை, கத்தரிக்கோல் இல்லை, நகவெட்டிகூட இல்லை. எங்கள் பக்கம் உள்ளி என்கிற சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டுக் குழம்பு. காய் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் அரிந்து கொடுப்பார்கள். பாதி நாள் பரோட்டா பார்சல். ஒரு பெண்ணுக்கு வந்த நினைப்புக்கு மரியாதை செய்து ஒரு குடும்பமே அடுக்களையைக் காலி செய்துவிட்டுப் பட்டினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. 'உன்னால் ஆபத்து' என்று அவளிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. வீடு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது பாப்பா அழுதது. பால் நேரம். சிவகிரி அக்கா பாப்பாவைத் தூக்கி வந்தார், ஆனால் கோமதியின் கையில் கொடுக்கவில்லை. "சொல்லிரு" என்றார்.

கோமதி பாப்பாவின் தலையில் கையை வைத்தாள். "என் பிள்ள மேல சத்தியமா, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்." கையை எடுத்தாள். முகம் சுருங்கியது. சொல்லும்போதே நடுவில் அந்த நினைப்பு வந்துவிட்டதாம், அதனால் அந்தச் சத்தியம் செல்லாது. மறுபடி கை வைத்தாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் செல்லவில்லை. பொய்ச் சத்தியம் ஆகிவிட்டால் பிள்ளையின் தலையில் அல்லவா விழும்? அதனால் முந்தின சத்தியத்தை ரத்து செய்ய இன்னொரு சத்தியம். பாப்பா வீறிட்டுக் கத்துகிறது, இவள் ஜாக்கெட் பாலில் நனைகிறது, கை மட்டும் தலைக்கும் மடிக்குமாகப் போய் வருகிறது. அழுகை கேட்டுக் கடையிலிருந்து ஏறி வந்த மாமனார் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். சங்கர், "நல்லா நிதானமா சொல்லு, இந்தத் தடவ சரியா வந்துரும்" என்று தைரியம் சொன்னார்.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் கேள்வி இல்லை என்பது நம் பக்கத்து நம்பிக்கை. முதல் தடவை தன் மனசாறுதலுக்காகக் கோமதியே செய்திருக்கிறாள். நல்லதாயிற்றே என்று வீடு அதைப் பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லாருக்கும் முற்றுப்புள்ளியாக இருக்கிற ஒன்று இந்த நோய்க்காரிக்கு மட்டும் முடியவே முடியாத வேலையாகிவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. "பிள்ளைய அவ மடியில போடுங்க. சத்தியம் வேண்டாம். இன்னைக்கு மட்டும் இல்ல, இனி எப்பவுமே வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. ஆனாலும் கொடுத்தார். கோமதி நடுங்கிக்கொண்டே பால் கொடுத்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த வேலையை வாரம் வாரமாக விவரிக்கப் போவதில்லை, அதை நீங்கள் செய்தே கற்றுக்கொள்வீர்கள். சாரத்தை மட்டும் சொல்கிறேன். கோமதியின் தொல்லை அந்த நினைப்பு அல்ல. நினைப்புக்கு அவள் கொடுத்த அர்த்தம்தான் தொல்லை. 'இப்படி நினைக்கிறவள் செய்யவும் செய்வாள்' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதியிருந்தாள். அதை உடைக்க ஒரு நாள் பஸ் ஸ்டாண்டை உதாரணமாகப் பிடித்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்க. நீ திருநெல்வேலி போகணும். ராஜபாளையம், ராஜபாளையம்னு ஒருத்தன் காதுகிட்ட வந்து கத்துதான். ஏறி உக்காந்துருவியா?"

"அது எப்படி டீச்சர்?"

"அவன் வாயப் பொத்தப் போவியா?"

"மாட்டேன். கத்திட்டுப் போறான்னு நிப்பேன்."

"நினைப்பும் அந்த மாதிரிதான். கத்தும். நீ ஏறணும்னு இல்ல."

"நான் ஒரு நாளும் ஏறல டீச்சர். ஏறிருவேனோன்னு பயந்து பஸ் ஸ்டாண்டுக்கே போகாம கெடக்கேன்" என்றாள்.

புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், அதுதான் சிகிச்சை. சங்கர் குடோனில் இருந்து சின்னக் கத்தி ஒன்றை, திருட்டுச் சாமான்போல் தினத்தாளில் பொதிந்து எடுத்து வந்தார். முதலில் அது மேஜைமேல் சும்மா கிடந்தது. அப்புறம் அவள் கையில். அப்புறம் சீனியவரைக்காய் அரிந்தாள், பாப்பா அடுத்த அறையில். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அரிந்தேன். சீனியவரை முற்றல், எனக்குத்தான் கை வலித்தது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஓடிப்போகாமல் உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும். அதை அவள் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும், நாம் சொல்லி நம்பக் கூடாது.

ஒரு நாள் பாப்பாவை அதே அறையில் பாயில் போட்டோம். கோமதி கத்தியை எடுத்தாள். என்னைப் பார்த்து, "செய்ய மாட்டேன்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

"தெரியாது. நீ காய அரி."

வாசல்படியில் நின்ற சிவகிரி அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "தெரியாதுன்னா சொல்லுதீய? நீங்க படிச்சவங்கதான? இந்தப் பிள்ள உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீயளா?"

சொல்வேன். நாளைக்கு நான் என்ன செய்வேன் என்பது எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் நாம் எல்லாரும் அடுப்பு பற்றவைக்கிறோம், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறோம், வண்டி ஓட்டுகிறோம். கோமதிக்கு மட்டும் முழு நிச்சயம் வேண்டியிருந்தது, அது இந்தப் பூமியில் எந்தக் கடையிலும் விற்பதில்லை. இதை அக்காவிடம் சொன்னேன். நான் ஈவு இரக்கம் இல்லாதவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கோமதியும் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. ஆனால் காயை அரிந்து முடித்தாள்.

இப்படி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த முற்பகல் வந்தது. மாமனார் போன் செய்தார். குரலே சரியில்லை. "டீச்சரம்மா, உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆட்டோவில் போய் இறங்கியபோது கடை வாசலில் ஒரு கார் நின்றது. மாடியில், உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் சேலை இல்லை. அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார்கள், பக்கத்தில் பால்புட்டி. சிவகிரி அக்கா பாப்பாவைத் தோளில் போட்டு அடுக்களை வாசலில் நின்றார். கோமதி சுவரோரம் நின்றாள். உள்ளி அரிகிறபோது நினைப்பு பலமாக வந்திருக்கிறது. கத்தியை ஜன்னல் பக்கம் எறிந்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டு, "பிள்ளையக் கொண்டு போயிருங்க" என்று கத்தியிருக்கிறாள். பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. கத்தி விழுந்தது நேர் எதிர்ப் பக்கம். அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நிதானம் இல்லை.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன். கத்திய வெளிய எடுங்கன்னிய, எடுத்தோம். சத்தியம் கூடாதுன்னிய, நிறுத்துனோம். இப்ப நான் ஒண்ணு கேக்கேன். உங்க பையில வேதப் புத்தகம் இருக்கு. அது மேல கைய வச்சு, என் பேத்திக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. கார இப்பவே திருப்பி அனுப்பிருதேன்."

பை என் தோளில்தான் தொங்கியது. கையை விட்டால் புத்தகம் வந்துவிடும். என் அறிவுக்கு எட்டிய வரை அந்தப் பிள்ளைக்குத் தாயால் ஆபத்து இல்லை, சத்தியம் செய்தால் பொய்யும் ஆகாது. தாயும் பிள்ளையும் பிரியாமல் இருப்பார்கள். எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆனால் கோமதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை. நான் இன்றைக்குச் செய்தால் நாளைக் காலையில் அவளுக்கு இன்னொன்று வேண்டும். டீச்சர் மனசாரத்தான் சொன்னாரா என்று நாளை மறுநாள் போன் வரும். கோமதியின் சத்தியம் போய் என் சத்தியம் அந்த வீட்டில் குடியேறும்.

"மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன்? உங்களுக்கே நம்பிக்க இல்லையா?"

"நம்பிக்க இருக்கு. சத்தியம் கிடையாது. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். பாப்பாவத் தூக்கி வச்சிருக்கும்போது உங்களுக்குக் கண்ட நினைப்பு ஏதாவது வந்துருக்கா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னைய என்னன்னு நினைச்சிய?"

"மனுஷன்னுதான் நினைக்கேன். வந்துருக்கா இல்லையா?"

எழுந்து என்னை வெளியே போகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"இளவெயில் காட்டணும்னு மொட்ட மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். கைப்பிடிச் சுவர் ஓரம் நிக்கேன். இங்கன இருந்து கைய விட்டா என்ன ஆகும்னு... வந்துச்சு."

"பெறகு?"

"சீன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன். அன்னைக்கே மறந்தும் போச்சு. நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது."

"உங்கள யாராவது கார்ல ஏத்தி அனுப்புனாங்களா அண்ணாச்சி?"

கோமதி மாமனாரை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்குமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்த முகம். இதே நினைப்பு, இதே பிள்ளை, அவர் மறந்தார், இவள் காவல் நின்றாள். வித்தியாசம் அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாதது அப்போது அவளுக்கு ஏறியது.

ஆனால் சிவகிரி அக்கா அசையவில்லை. பாப்பா வேறு பசியில் சிணுங்க ஆரம்பித்திருந்தது. "அப்பா சொல்லுதாக, நீங்க சொல்லுதீய, எல்லாம் சரி. டீச்சர் சத்தியம் பண்ண வேண்டாம். இவ பண்ணட்டும். பிள்ள தலையில கைய வச்சு ஒரே ஒரு தடவ. இந்தா, பிள்ளையக் குடுத்துட்டு நான் ஊருக்குப் போறேன்."

சங்கர் மனைவியின் பக்கம் திரும்பி, "பண்ணிரு கோமதி. ஒரு தடவதான" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோமதியும் பார்த்தாள். செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் சொன்னார், அதனால் ஆபத்து இல்லை என்று சாய்ந்திருப்பாள், அதுவும் ஒரு உத்தரவாதம்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் பார்த்த வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான். அவள் சத்தியம் செய்துவிட்டால் அத்தனை வாரமும் வீண். செய்யாவிட்டால் பிள்ளை சிவகிரிக்குப் போகலாம். நான் பயந்ததை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நீங்களும் ஒரு நாள் பயப்படுவீர்கள். அப்போதும் வாயைத் திறக்காதீர்கள்.

கோமதி முந்தானைக்குள் இருந்து கையை எடுத்தாள். பாப்பாவின் தலைவரைக்கும் கொண்டுபோனாள். நான் கண்ணை மூடவில்லை. கை அங்கேயே நின்றது. பிறகு கீழே இறக்கினாள்.

"பண்ண மாட்டேன் மைனி."

"என்னட்டி சொல்லுத?"

"பண்ண மாட்டேன். நாளைக்கு நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அந்த நினைப்பு இப்பவும் வந்து இங்கனதான் நிக்குது. நின்னுட்டுப் போகுது. பிள்ளைக்குப் பசிக்குது மைனி. குடுங்க."

அவள் அழவில்லை. குரல் உயரவும் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். வந்த நாளிலிருந்து அந்தக் கைகள் பிள்ளையைக் கேட்டு நீண்டதை நான் பார்த்தது அப்போதுதான். அக்கா என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தார், அவர் கண் கோமதியின் கைகள்மேல் இருந்தது. பாப்பா இப்போது வாய்விட்டு அழுதது. அக்கா தோளில் இருந்து பிள்ளையை இறக்கி நீட்டினார்.

கோமதி வாங்கிக்கொண்டாள். உள்ளித் தோல் சிதறிக் கிடந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாலுக்கு வைத்தாள். அழுகை நின்றது. கீழே கார்க்காரர் ஹாரன் அடித்தார். யாரும் இறங்கிப் போகவில்லை.